என் லாகினில் படித்த மயினி

என் மயினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, பட்டப்படிப்புக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். போட்டுத் தா என்று அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, எனக்கு இட்லியை வைத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒரு சங்கதி சொன்னார், அவ்வளவுதான்.

முத்தையாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவருக்குத் தற்காலிக வேலை. விண்ணப்பம் வாங்குவது, மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, பெற்றோர் யாராவது வந்து கத்தினால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர்தான். அந்த அலுவலகத்து சூப்பிரண்டு மூன்று வருடத்தில், ஒரு ஜூன் மாதம் ஓய்வு பெறப் போகிறார். தலைமையாசிரியையாக இருக்கிற சிஸ்டர் மயினியைக் கூப்பிட்டு, அந்த ஜூன் மாதத்துக்குள் ஒரு டிகிரி உன் கையில் இருந்தால் அவர் நாற்காலிக்கு நான் வேறு ஆளைத் தேட மாட்டேன் என்றாராம். இல்லையென்றால் விளம்பரம் கொடுத்து வெளி ஆளை எடுக்க வேண்டிவரும். அது அவர்கள் விதி.

மயினி பிளஸ் டூவோடு நின்றவர். "படிப்பு எங்கிட்ட வாசல் வரைக்கும் வந்துச்சுல. பொறவு என்ன நெனச்சுதோ, செருப்ப மாட்டிக்கிட்டு அதுபாட்டுக்குப் போயிட்டு" என்றார். ஆட்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சோறு வேண்டாம். அன்றைக்கு அந்தப் பேச்சுக்காகவே நான் எழுந்து உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் அண்ணன் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் மோட்டார்மேன். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; தனி வீடு எடுத்திருந்தாலும் சாப்பாடு மயினி வீட்டில்தான். வேலை, சுங்கத் தரகர் அலுவலகம் ஒன்றில். கல்லூரிக்குப் போய் இரண்டாம் வருடம் அரியரோடு வெளியே வந்த நான், துறைமுக வேலையைக் கேட்டும் பார்த்தும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டேன். எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகும், எந்த அதிகாரி எதைக் கேட்பார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் விதியும் எனக்குப் பிடிபடாமல் போகாது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போனிலேயே கிடந்தேன். தூரத்தில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகம் இணையத்திலேயே பி.காம். நடத்தியது. மூன்று வருடம், ஆறு பருவம். கட்டணம் பாடக் கணக்கில். ஆனால் எல்லாப் பாடத்தையும் அவர்களிடமே படிக்க வேண்டும் என்றில்லை. இலவசமாகப் பாடம் நடத்தும் பொதுத் தளம் ஒன்றில், ஒரு பங்குப் பாடங்களை நம் வேகத்தில் படித்து, கடைசியில் கணினி மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறினால், அந்த மதிப்பைக் கிரெடிட்டாக இங்கே சேர்த்துக்கொள்வார்கள். படிக்கக் காசில்லை, பரீட்சைக்கு மட்டும் சின்னக் கட்டணம். மகள் பள்ளிக்கூடச் செலவு போக மயினி சம்பளத்தில் மிஞ்சுவதற்கு அது சரியாக வந்தது.

பழைய கண்டெய்னர் லிஸ்ட் ஒன்றின் பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டேன். எந்தப் பாடம் எங்கே, எதற்கு எப்போது பதிய வேண்டும், பரீட்சை எந்த மாதம், அண்ணன் லீவில் வந்து வீடு அமளிதுமளியாக இருக்கும் மாதம் எது, எல்லாம் எழுதினேன். ஒரு பருவத்தில் இத்தனை பாடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை முட்டி முட்டித்தான் ஆறாவது பருவம் அந்த ஜூனுக்குள் வந்து நின்றது. ஒரு பாடம் தவறினாலும் ஏழாவது பருவம் முளைக்கும். முளைத்தால் டிகிரி டிசம்பர். நாற்காலிக்கு ஆறு மாதம் பிந்திவிடும்.

மயினி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மூச்சு விடுததுக்கு எங்கல எடம் வச்சிருக்க?" என்று கேட்டார். பிறகு அதை எடுத்துப் போய் அரிசி டிரம்முக்கு மேலே ஒட்டிவிட்டார்.

முதல் பருவம் தொடங்குவதற்கு முன்னால், பழக்கத்துக்கு ஒரு குட்டிப் பாடம் படிக்கட்டும் என்று யோசனை சொன்னேன். அலுவலகக் கணினி வேலை பற்றியது, பரீட்சை கிடையாது, வாரா வாரம் கேள்விக்குப் பதில் போட்டால் ஒரு சான்றிதழ் வரும். அது இருந்த அந்தப் பொதுத் தளத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. எப்போதோ நானும் படிக்கலாம் என்று திறந்து, முதல் வீடியோவோடு விட்டது. அதே லாகினை மயினி போனில் போட்டுக் கொடுத்தேன்.

இதை வெளியாட்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அது தவறாகவே படாது. சுங்கத் தரகர் உரிமம் முதலாளி பெயரில் இருக்கும்; அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். ஒரே லாகினில் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து, இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி போடுவோம். யார் தட்டினது என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. மேலே அண்ணாச்சி பெயர், கீழே சரக்கு. ஏதாவது பிழையென்றால் அமெண்ட்மெண்ட் ஒன்று போட்டுத் திருத்திக்கொள்வோம். முதலில் தாக்கல் செய், பிறகு திருத்து. கப்பல் யாருக்காகவும் நிற்காது. பதினான்கு வருடம் இப்படி வேலை பார்த்தவனுக்கு, பெயர் என்பது தாளின் தலையில் இருக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

மயினி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "ஏலே, தொறந்த ஒடன உன் பேரச் சொல்லி வணக்கம் சொல்லுது. என் பேரு எங்க?"

"அது ஒரு அமெண்ட்மெண்ட் மயினி, பொறவு மாத்திக்கிடலாம். நீங்க படிங்க."

அவர் படித்தார். எட்டு வாரப் பாடத்தை ஐந்து வாரத்தில் முடித்தார். சான்றிதழ் என் மின்னஞ்சலுக்கு வந்தது, என் பெயர் போட்டு. அதைப் பார்த்து மயினி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான் கறி வச்சா நீ ஏப்பம் விடுதியே என்றார். அவருக்கு அது விளையாட்டுத்தான். பரீட்சையில்லாத பாடம், கிரெடிட்டும் கிடையாது, போனால் போகிறது.

அன்றைக்கே நான் புதுக் கணக்குத் திறந்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. இங்கேதான் எனக்கு எழுத வராமல் கை நிற்கிறது.

அந்தச் சான்றிதழை அலுவலகப் பிரிண்டரில் எடுத்தேன், மயினிக்குக் கொடுக்கலாம் என்று. அண்ணாச்சி பிரிண்டரிலிருந்து தாளை உருவிப் பார்த்தார். எங்கள் அண்ணாச்சி யாரையும் லேசில் மெச்சாதவர். அவர் பாராட்டு என்பது திட்டாமல் கடந்து போவதுதான். அன்றைக்கு அவர் தாளை உயர்த்திப் பிடித்து, இங்க பாருங்கல, இவன் சத்தங்காட்டாம படிச்சிருக்கான், நீங்க எல்லாம் ரீல்ஸ் பாத்துக்கிட்டுத் திரியுங்க என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுநாள் வந்து பார்த்தால் தாள் சட்டம் போட்டு, உரிமத்துக்குப் பக்கத்தில் சுவரில் தொங்கியது. அடுத்த வாரம் என்னை முன்மேசைக்கு மாற்றினார். இறக்குமதிக்காரர்கள் வந்தால் இனிமேல் நீ பேசு என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மயினி படித்தது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த மூச்சை நான் விடவில்லை.

அண்ணாச்சி அதோடு விடவும் இல்லை. அடுத்தது எப்பம்ல என்று மாதத்துக்கு ஒரு தடவை கேட்பார். நானும் படிச்சிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி என்பேன்.

முதல் பருவத்தில் பல்கலைக்கழகப் பாடங்களை மட்டுமே படித்து மயினி தேறினார். அதற்கெல்லாம் அவர் பெயர்தான். ஜனவரியில் இரண்டாம் பருவம். அதில் இரண்டு பாடங்களைப் பொதுத் தளத்தில் படித்துக் கிரெடிட்டாகக் கொண்டுவருவது என்று என் கட்டத்தில் இருந்தது. பொருளாதாரம் ஒன்று, வணிகச் சட்டம் ஒன்று. நான் அதே லாகினில்தான் இரண்டையும் பதிந்தேன். இந்தத் தடவை மயினி கேட்கவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். பதிவு பிப்ரவரிக் கடைசி வரை திறந்துதான் இருந்தது. பதிவை ரத்துசெய்து அவர் பெயரில் மறுபடி போட எட்டு வாரம் இருந்தது எனக்கு. மறந்துபோனேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. இன்னும் இரண்டு சான்றிதழ் சுவருக்கு வரும் என்று மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு முன்னால் அமெண்ட்மெண்ட் போட்டுவிடலாம் என்று இன்னொரு மூலை சமாதானம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் நான் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தேன்.

மயினி படிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வரும்போதே காதில் மாட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே நோட்டை விரித்துவைப்பார். அளிப்பு கூடினால் விலை ஏன் இறங்கும் என்று வீடியோவில் ஒரு வாத்தியார் கோடு கிழித்துக் கிழித்து விளக்கிக்கொண்டிருந்தார். மயினி அதை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னது: "இதுக்குப் போயி இவரு ஏன் இம்புட்டுப் பாடுபடுதாரு? சீலா மீனு ஒண்ணு வந்து எறங்குனா ஏலக்காரன் தொண்ட மேல ஏறும். நூறு எறங்குனா அவனுக்கே தொண்ட கட்டிரும். முடிஞ்சுது பாடம்."

வாரா வாரம் கேள்விக்குப் பதில் போட்டார். மதிப்பெண் எல்லாம் மேலேதான். அண்ணன் சிங்கப்பூர் பக்கத்திலிருந்து வீடியோ காலில் வந்து, நான் வாரப்போ பி.காம். வீட்டுக்காரிட்ட அனுமதி வாங்கித்தான் உள்ள வரணுமோ என்று கேட்டான். அவன் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, ஒனக்குத்தான்ல நன்றி சொல்லணும் என்றான். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் பரீட்சைப் படிவம் திறந்தது. மதிய நேரம், அலுவலகத்தில் உட்கார்ந்து உள்ளே போனேன். பெயர், பிறந்த தேதி, படம் எல்லாம் கணக்கிலிருந்து தானே வந்து நின்றது. என் முகம். மாற்றுகிற இடத்தில் கை வைத்தால் திறக்கவில்லை. ஆதாரில் இருக்கிற பெயரும் கணக்கில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருந்தால்தான் தேர்வு மையத்தில் உள்ளே விடுவார்கள் என்று கீழே எழுதியிருந்தது. உதவி மையத்துக்கு எழுதினேன், எனக்குத் தெரிந்த ஆபீஸ் பாஷையையெல்லாம் போட்டு. இரண்டாம் நாள் பதில் வந்தது. ஒருவர் கணக்கில் முடித்த பாடத்தை இன்னொருவருக்கு மாற்ற இயலாது, அவர் தம் பெயரில் அடுத்த தடவை பதிந்து முதலிலிருந்து படிக்கலாம். மரியாதையான நான்கு வரி. அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. யார் படித்தார் என்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது, அதுதானே பள்ளிக்கூடம்.

பதில் வந்த அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வாசலில் நுழையும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கும். தட்டு வந்ததும் போய்விடும். மயினி பரீட்சை வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வணிகச் சட்டத்தில் ஒப்பந்தம் பற்றிய பாடத்தை என்னைக் கேள்வி கேட்கச் சொல்லி ஒப்பித்தார். நானும் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்பது நாள் இப்படிப் போனது.

பத்தாம் நாள் சாப்பாட்டு வேளையில் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது, மகள் இருப்பாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அங்கே மயினி சத்தம் போட முடியாது என்பதுதான் காரணம். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று எழுந்துவிட்டார். கப்பல்காரன் பெண்டாட்டிக்கு முதலில் அதுதான் தோன்றும். அந்தப் பயத்தையும் நான்தான் கொடுத்தேன்.

சொன்னேன். லாகின், பெயர், ஆதார், உதவி மையம், ஏழாவது பருவம், டிசம்பர், எல்லாம். மயினி மூடியை எடுத்து டிபன் பாக்ஸை மூடினார்.

"இது உனக்கு எப்பம்ல தெரியும்?"

"ஒம்பது நாளாச்சு மயினி."

"நான் சட்டத்துல பதினோராவது வாரப் பாடத்த நேத்துதான முடிச்சேன்" என்றார். டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்திவிட்டு, "நீதான நோட்டப் பிடிச்சிக்கிட்டுக் கேள்வி கேட்ட" என்றார்.

ஏசியிருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். மணி அடித்ததும் ஒரு அம்மா பையனுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றார். மயினி அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் வெளியே வந்து பைக் பக்கத்தில் நின்றேன். உப்பளத்துக் காற்று கண்ணில் அடித்தது. அதையே சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சுவரில் தொங்குவதைப் பற்றி அன்றைக்கும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அதைக் கேட்டுத்தான் மயினி முகம் மாறியது. பரீட்சை போனதற்கு மாறாத முகம். அப்பம் நீ மறக்கலல்லா என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொன்னேன். முன்மேசை போகும், நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகத்தான் போனேன். அவர் ஸ்பெக்ஸைக் கழற்றாமலே கேட்டார்: "வீட்டுக்குள்ளதானல? யாரு பேர்ல போட்டா என்ன, சரக்கு வெளிய வந்துச்சா இல்லியா?" பிறகு போனை எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஜனவரியில் நான் நினைத்ததைத்தான் அவர் திங்கட்கிழமை சொன்னார். அதே வார்த்தை வேறு வாயிலிருந்து வரும்போது எவ்வளவு அசிங்கமாக இருந்தது! சுவரில் தொங்கிய சான்றிதழைச் சட்டத்தோடு நானே கழற்றினேன். முன்மேசையை விட்டுவிடுகிறேன் என்றேன். கோட்டிக்காரா, போய் வேலையப் பாரு என்றார். முன்மேசையில்தான் இன்னமும் உட்கார்ந்திருக்கிறேன். இறக்குமதிக்காரர்கள் என்னைத்தான் சார் என்கிறார்கள்.

மயினி படிப்பை விடவில்லை. என்னை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டார். தன் போனில், தன் பெயரில், தன் ஆதாரை வைத்துக் கணக்குத் திறந்தார். பல்கலைக்கழகத்துக்குத் தானே போன் போட்டு, விட்டுப்போன இரண்டு பாடத்தையும் எங்கே தள்ளலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இங்கிலீஷில் பேசும்போது தடுமாறினாராம், பரவாயில்லை மேடம் தமிழிலேயே சொல்லுங்கள் என்றார்களாம். மகள்தான் எனக்குச் சொன்னாள். அரிசி டிரம்முக்கு மேலே இருந்த என் தாள் போய், பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு தாள் வந்தது. அதில் ஏழு கட்டம்.

எனக்குச் சாப்பாடு ஒரு வேளைகூடத் தவறவில்லை. விளமீன் தலையை எனக்குத்தான் எடுத்துவைப்பார். கேலியும் பழையபடிதான். ஆனால் நான் உள்ளே வந்தால் நோட்டை மூடிவிடுவார். கோபத்தில் இல்லை, வழியில் கிடக்கிற சாமானை ஒதுக்கிவைப்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக. அந்தப் பொருளாதாரத்தையும் சட்டத்தையும் முதல் வீடியோவிலிருந்து மறுபடி பார்த்தார். பரீட்சைக்குத் திருநெல்வேலிக்கு நான் பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றேன். பஸ் இருக்குல என்றார். இரண்டிலும் தேறினார். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது ஐந்தாவது பருவம் நடக்கிறது. சூப்பிரண்டு வருகிற ஜூனில் போகிறார். ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டே ஆக வேண்டும். விளம்பரம் போய்விட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை. போன வாரம் மயினி அந்தக் கடிதத்தைத் தானே எழுதினார். எழுதி முடித்து, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு தாளை என் பக்கம் நீட்டினார். வாசிச்சுப் பாருல என்றார்.

நல்ல கடிதம். வளைத்து வளைத்து எழுதாமல், என்ன வேண்டுமோ அதை மட்டும் கேட்டிருந்தார். நடுவில் ஒரு வரி: இரண்டாம் பருவத்தில் என் கவனக்குறைவால் இரண்டு பாடங்கள் தவறிவிட்டன.

இதை மாற்றுங்கள், நடந்ததை நானே வந்து சிஸ்டரிடம் சொல்கிறேன் என்றேன். மயினி தாளை வாங்கிக்கொண்டார்.

"உன் பேர இதுல எழுதுனா இதுவும் உன் கதையாயிரும்லா. நீ வந்து அழுவ, சிஸ்டர் உன்னத் தேத்துவாங்க. என் வேல நடுவுல கிடக்கும்." பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார். "நீ சும்மா இரு. அதுதான் எனக்குச் செய்யுத ஒத்தாச."

கடிதம் கொடுத்து ஆறு நாள் ஆகிறது. சிஸ்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றாராம். நான் தினமும் சாப்பிடப் போகிறேன். பதில் வந்ததா என்று கேட்பதில்லை. சும்மா இருக்கிறேன்.